‘ஆஃப்டர்’ எந்த வகைச் சொல்? இங்கிலாந்தின் ஆரம்பப் பள்ளி இலக்கணத் தேர்வு: ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளியின் கடைசி ஆண்டில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பத்து அல்லது பதினொரு வயது இருக்கும். ஆண்டுதோறும் மே மாதத்தில் அவர்கள் அரசு நடத்தும் தேர்வுகளை எழுதுகிறார்கள். வாசிப்புக்கும் கணிதத்துக்கும் இருந்த தேர்வுகளோடு 2013இல் புதிதாக ஒன்று சேர்ந்தது. ஆங்கில இலக்கணம், நிறுத்தக்குறி, எழுத்துக்கூட்டு ஆகிய மூன்றையும் சோதிக்கும் தேர்வு அது. இன்றைய வடிவத்தில் அதற்கு இரண்டு தாள்கள். முதல் தாளுக்கு 45 நிமிடம், 50 மதிப்பெண். எல்லாம் சிறு வினாக்கள். இரண்டாம் தாளில் ஆசிரியர் வாக்கியத்தோடு சேர்த்து வாசிக்கும் 20 சொற்களைப் பிழையின்றி எழுத வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துப் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வு கிடையாது.

முதல் தாளின் வினாக்கள் நமக்குப் புதியவை அல்ல. அடிக்கோடிட்ட சொல் எந்த வகையைச் சேர்ந்தது? இந்த வாக்கியத்தில் முதன்மை வாக்கியம் எது, சார்பு வாக்கியம் எது? செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றி எழுதுக. விடுபட்ட காற்புள்ளியை இடுக. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளை எழுதிய யாருக்கும் இவை பழகிய முகங்கள்தான். ஆனால், ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்து, ஆங்கிலத்திலேயே சண்டையும் சமாதானமும் செய்து வளரும் பிள்ளையிடம் இவற்றைக் கேட்பது முற்றிலும் வேறு விஷயம். மொழி அந்தப் பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிறது. தேர்வு கேட்பது மொழியின் உறுப்புகளுக்கு இடப்பட்ட பெயர்களை.

அந்தப் பெயர்களைச் சோதிப்பதால் என்ன தெரியவருகிறது, என்ன தெரியாமல் போகிறது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. இலக்கணத்தை நேசிப்பவனாகவே இதை எழுதுகிறேன். இலக்கணம் கற்பித்ததை நான் குறை சொல்லவில்லை. எதை எளிதாகத் திருத்த முடியுமோ அதுவே இலக்கணம் என்று ஆக்கிவிட்டதைத்தான் குறை சொல்கிறேன்.

தேர்வு பிறந்த விதம்

இங்கிலாந்தின் பள்ளிகளிலிருந்து முறையான இலக்கணப் பாடம் 1960களில் மெல்லக் கழன்று போனது. வாக்கியத்தைப் பிரித்துப் பெயரிடும் பழைய பயிற்சி எழுத்தை வளர்க்கவில்லை என்ற எண்ணம் அப்போது வலுத்தது. அடுத்து வந்த தலைமுறைகள் பெயர்ச்சொல், வினைச்சொல் என்ற அளவுக்கு மேல் எதையும் கேள்விப்படாமலே பள்ளியை முடித்தன. அவர்களிலிருந்துதான் பிற்காலத்து ஆசிரியர்களும் அமைச்சர்களும் வந்தார்கள்.

மீட்கும் முயற்சிகளும் நடந்தன. ஆங்கிலம் கற்பிப்பதை ஆராய அரசு அமைத்த கிங்மன் குழு 1988இலும் காக்ஸ் குழு 1989இலும் அறிக்கை கொடுத்தன. 1989 முதல் சில ஆண்டுகள், மொழியியலாளர் ரொனால்ட் கார்ட்டர் தலைமையில், ஆசிரியர்களுக்கு மொழி அறிவு ஊட்டும் திட்டம் ஒன்று அரசுப் பணத்தில் நடந்தது. மொழி எங்கே, யாரிடம், எதற்காகப் பயன்படுகிறது என்று பார்ப்பது அதன் வழி. அமைச்சகம் எதிர்பார்த்ததோ சரி, தவறு என்று சொல்லும் பாடம். முடிவில் அந்தப் பாடப் பொருள்களை வெளியிட அரசு மறுத்துவிட்டது. ஆசிரியர்களை முதலில் ஆயத்தப்படுத்துவதற்கு அமைந்த நல்ல வாய்ப்பு அது. அது நழுவியதன் விலை இருபது ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது.

2010இல் மைக்கேல் கோவ் கல்வி அமைச்சரானார். ஆரம்பப் பள்ளித் தேர்வுகளை மறுபார்வை செய்யும் பொறுப்பு பியூ பிரபுவிடம் கொடுக்கப்பட்டது. அவருடைய இறுதி அறிக்கை 2011இல் வந்தது. அதுவரை பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளை வெளியாட்கள் திருத்தி வந்தார்கள். ஒரே கட்டுரைக்கு இருவர் இருவேறு மதிப்பெண் இடுகிறார்கள் என்ற புகார் ஓயவில்லை. பியூ அறிக்கை அதற்கு ஒரு வழி சொன்னது. கட்டுரை எழுதும் திறனை வகுப்பாசிரியரே மதிப்பிடட்டும். எழுத்துக்கூட்டு, நிறுத்தக்குறி, இலக்கணம், சொல்வளம் ஆகியவற்றில் சரி, தவறு தெளிவாக இருப்பதால் அவற்றுக்கு வெளியார் திருத்தும் தேர்வு வைக்கலாம் என்றது.

இந்த ஓர் இடத்தில் நிற்க வேண்டும். இலக்கணத் தேர்வுக்கு அங்கே சொல்லப்பட்ட காரணம், பிள்ளையின் எழுத்துக்கு எது தேவை என்ற ஆராய்ச்சியிலிருந்து எழவில்லை. எதைத் தகராறு இல்லாமல் திருத்தலாம் என்ற தேவையிலிருந்து எழுந்தது. தேர்வுக் கலையில் இரண்டு பண்புகளைப் பிரித்துப் பேசுவார்கள். யார் திருத்தினாலும் ஒரே மதிப்பெண் வருவது நம்பகத்தன்மை. அளக்க நினைத்ததையே அளப்பது ஏற்புடைமை. இங்கே முன்னதைத் தேடிப் போனவர்கள், பின்னது தானாகவே கூட வரும் என்று நம்பிவிட்டார்கள்.

2014 செப்டம்பரில் புதிய தேசியப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் ஆங்கிலப் பகுதிக்கு ஒரு பிற்சேர்க்கை உண்டு. எந்த ஆண்டில் எந்த இலக்கணப் பெயரைக் கற்க வேண்டும் என்று அது ஆண்டுவாரியாக வரிசைப்படுத்துகிறது. இரண்டாம் ஆண்டில், அதாவது ஆறேழு வயதில், பெயர்த்தொடரும் கட்டளை வாக்கியமும். மூன்றாம் ஆண்டில் முன்னிடைச்சொல் (ப்ரிபொசிஷன்), இணைப்புச்சொல் (கன்ஜங்ஷன்), சார்பு வாக்கியம். நான்காம் ஆண்டில் ‘எ’, ‘த’ போலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் டிடெர்மினரும், வாக்கியத்தின் முன்னால் வைக்கப்படும் வினையடையும். பிற்காலத்தில் வீடுதோறும் பேசப்பட்ட ‘ஃப்ரன்டட் அட்வெர்பியல்’ அதுதான். ஐந்தில் ‘கேன்’, ‘மஸ்ட்’ போன்ற மோடல் வினைகள். ஆறில் எழுவாய், செயப்படுபொருள், செயப்பாட்டு வினை, அரைப்புள்ளி, கூடவே ஆங்கிலத்தில் ஏறக்குறைய மறைந்துவிட்ட, ‘இஃப் ஐ வேர்’ போன்ற சப்ஜங்டிவ் வடிவங்கள். இந்தப் பாடத்திட்டத்தை ஒட்டிய முதல் தேர்வு 2016 மே மாதத்தில் நடந்தது.

2016 மே 3

அந்த மே மாதத்தின் தொடக்கமே கொந்தளிப்பாக இருந்தது. ஏழு வயதுப் பிள்ளைகளுக்காக ஆயத்தமாகியிருந்த எழுத்துக்கூட்டுத் தாள் ஒன்று, பயிற்சித் தாள் என்ற பெயரில் மாதக்கணக்காக அரசு இணையதளத்திலேயே கிடந்தது தெரியவந்து, அந்தப் பிரிவின் தேர்வையே ஏப்ரலில் கைவிட நேர்ந்தது. மே 3ஆம் தேதி, தேர்வுச் சுமையை எதிர்த்து, இங்கிலாந்தின் பல ஊர்களில் பெற்றோர் பிள்ளைகளை ஒரு நாள் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள். அன்று நண்பகல், பள்ளிகள் துறை அமைச்சர் நிக் கிப், பிபிசி வானொலியின் செய்தி நிகழ்ச்சியில் தேர்வுக்கு ஆதரவாகப் பேச வந்தார். நிகழ்ச்சியை நடத்திய மார்த்தா கார்னி அவரிடம் ஒரு வாக்கியத்தைச் சொன்னார்.

‘ஐ வென்ட் டு த சினிமா ஆஃப்டர் ஐ ஹேட் ஈட்டன் மை டின்னர்.’ இரவு உணவு சாப்பிட்ட பிறகு சினிமாவுக்குப் போனேன். இதில் ‘ஆஃப்டர்’ என்பது சார்பு இணைப்புச்சொல்லா, முன்னிடைச்சொல்லா?

முன்னிடைச்சொல் என்றார் அமைச்சர். இல்லை, சார்பு இணைப்புச்சொல் என்று நினைக்கிறேன் என்றார் கார்னி. இது தன்னைப் பற்றிய விஷயம் அல்ல என்றும், தனக்குப் பள்ளியில் கிடைக்காத இலக்கணம் வருங்காலப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்றும் சொல்லி அமைச்சர் பேச்சை மாற்றினார். மறுநாள் செய்தித்தாள்கள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டன. தேர்வைக் கொண்டுவந்த அரசின் அமைச்சருக்கே விடை தெரியவில்லை என்பதுதான் செய்தி.

தேர்வின் திருத்தக் குறிப்பை வைத்துப் பார்த்தால் அமைச்சரின் விடைக்கு மதிப்பெண் இல்லை. ‘ஆஃப்டர்’ஐத் தொடர்ந்து பெயர்த்தொடர் வந்தால் முன்னிடைச்சொல். எழுவாயும் வினையும் கொண்ட வாக்கியம் வந்தால் சார்பு இணைப்புச்சொல். பழைய பள்ளி இலக்கணம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால், விஷயம் அத்துடன் முடியவில்லை. ஊர் முழுக்க அமைச்சரைத் திருத்திக்கொண்டிருந்தபோது, மொழியியலாளர்கள் சிலருக்கு அந்த விடை தவறாகவே தெரியவில்லை.

டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ யெஸ்பர்சன் 1924லேயே இதைக் கிளப்பியவர். அவருடைய வாதத்தைத் தமிழில் வைத்துப் பார்த்தால் உடனே பிடிபடும். ‘நம்புகிறேன்’; ‘அவனை நம்புகிறேன்’; ‘அவன் வருவான் என்று நம்புகிறேன்’. முதலாவதில் செயப்படுபொருள் இல்லை, இரண்டாவதில் பெயர் இருக்கிறது, மூன்றாவதில் முழு வாக்கியமே இருக்கிறது. மூன்றிலும் ‘நம்பு’ வினைச்சொல்தான். கூட வருவது மாறியதற்காக அதற்கு மூன்று வகைப் பெயர் யாரும் கொடுப்பதில்லை. அப்படியிருக்க, ‘ஆஃப்டர்’ தனித்து நின்றால் வினையடை, பெயரோடு வந்தால் முன்னிடைச்சொல், வாக்கியத்தோடு வந்தால் இணைப்புச்சொல் என்று ஒரே சொல்லை மூன்றாகக் கூறுபோடுவது ஏன் என்பதே அவர் கேள்வி. 2002இல் ரோட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம், ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட பெருநூல், இந்த வழியையே எடுத்துக்கொண்டது. அதன்படி அந்த வானொலி வாக்கியத்தில் ‘ஆஃப்டர்’ முன்னிடைச்சொல்தான். அது ஒரு வாக்கியத்தைத் தன் நிரப்பியாக ஏற்கிறது, அவ்வளவே.

நம் ‘பிறகு’வும் இதே போலத்தான் நடக்கிறது. ‘பிறகு பார்க்கலாம்’, ‘சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம்’, ‘சாப்பிட்ட பிறகு பார்க்கலாம்’. மூன்றிலும் அது ஒரே சொல் என்பதில் தமிழ் பேசும் எவருக்கும் ஐயம் எழாது. ஓர் இலக்கண ஆசிரியர் இடத்துக்கேற்ப வெவ்வேறு பெயர் இடலாம், இன்னொருவர் ஒரே பெயரில் நிறுத்தலாம். இரண்டுக்கும் காரணம் காட்ட முடியும். எது சிறந்தது என்று விவாதிப்பது இலக்கணம் படிப்பதன் இன்பங்களில் ஒன்று.

இங்கேதான் தேர்வு தடுக்கி விழுகிறது. சரி, தவறு ஐயமின்றித் தெரியும் என்பதற்காகவே இலக்கணத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால், சொல்வகை என்பது வாக்கியத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் பொருள் அல்ல. வாக்கியத்தை விளக்குவதற்காக நாம் கட்டும் கோட்பாட்டின் உறுப்பு. கோட்பாடு மாறினால் விடையும் மாறும். பாடத்திட்டத்தின் சொல்விளக்கப் பட்டியல் ஒரு கோட்பாட்டைத் தேர்ந்தெடுத்தது. அதில் தவறில்லை, பள்ளிக்கு ஏதாவது ஒன்று வேண்டும். அந்தத் தெரிவை இயற்கையின் உண்மை போலப் பிள்ளைகள் முன் வைத்ததுதான் தவறு. ‘எங்கள் பட்டியலின்படி இதற்கு என்ன பெயர்’ என்பதே உண்மையில் கேட்கப்பட்ட கேள்வி. மூத்த அறிஞர்கள் நூறு ஆண்டுகளாக வாதாடும் ஒன்றில் பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு கட்டத்தில் ஒரே ஒரு டிக்.

விடைத்தாளில் நடந்தவை

இந்த ஒரு சொல்லோடு நின்றிருந்தால் விதிவிலக்கு என்று விடலாம். வியப்பு வாக்கியத்தைப் பாருங்கள். பாடத்திட்டத்தின்படி ஒரு வாக்கியம் வியப்பு வாக்கியம் ஆக வேண்டுமானால் ‘வாட்’ அல்லது ‘ஹவ்’ என்று தொடங்க வேண்டும், உள்ளே ஒரு வினையும் இருக்க வேண்டும். ‘வாட் எ லவ்லி டே இட் இஸ்!’ என்றால் ஏற்பு. ‘வாட் எ லவ்லி டே!’ என்றால், வினை இல்லாததால், மதிப்பெண் இல்லை. வாக்கிய அமைப்பைப் பிரித்துப் பேசும் மொழியியலில் இந்த வரையறைக்கு இடம் உண்டு. அது சொல்வது வாக்கிய வடிவத்தைப் பற்றி. வியப்பைத் தெரிவிக்கும் செயலைப் பற்றி அல்ல. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் எழுத்தை மதிப்பிடும்போது வியப்புக்குறி இத்தகைய வாக்கியத்தில் வந்தால்தான் கணக்கில் சேரும் என்ற விளக்கம் 2016 மார்ச்சில் வெளிவந்தபோது, ஆசிரியர்களுக்குக் கோபம் வந்தது நியாயமே. தமிழ்ப் பிள்ளையிடம், ‘என்ன’ என்று தொடங்காததால் ‘ஐயோ!’ வியப்பு ஆகாது என்று சொன்னால் எப்படி இருக்கும்?

2017இல் அரைப்புள்ளி. சரியான இடத்திலேயே போடப்பட்ட அரைப்புள்ளிகளுக்கு, புள்ளியின் உருவமும் அளவும் நிற்கும் இடமும் விதித்தபடி இல்லை என்பதற்காக மதிப்பெண் மறுக்கப்பட்டதாகப் பள்ளிகள் விடைத்தாள்களோடு புகார் செய்தன. இரண்டு வாக்கியங்களின் உறவை உணர்ந்து, எங்கே நிறுத்த வேண்டும் என்று சரியாகக் கண்டுபிடித்த பிள்ளை அது. கேட்ட அறிவு அதனிடம் இருந்தது. திருத்தும் விதியை மேலும் மேலும் இறுக்கிக்கொண்டே போனால், அது ஓர் எல்லைக்குப் பிறகு வேறு எதையோ அளக்கத் தொடங்கிவிடுகிறது.

மதிப்பெண் கூட்டும் முறையையும் சற்று உற்றுப் பார்க்கலாம். மொத்தம் 70. 2016இல் எதிர்பார்க்கும் தரத்தை எட்ட 43 வேண்டியிருந்தது. தாளின் கடினத்தைக் கணக்கில் கொண்டு 2017இல் அது 36 ஆனது. எழுத்துக்கூட்டில் இருபதும் வாங்கிய பிள்ளைக்கு, 36 போதும் என்ற ஆண்டில், இலக்கணத் தாளின் ஐம்பதில் 16 எடுத்தாலே தரம் எட்டியாகிவிடும். எழுத்துக்கூட்டில் பாதி தவறிய பிள்ளை 26 எடுக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே முடிவு. மதிப்பெண்ணைப் பார்த்து எந்தப் பிள்ளைக்கு வாக்கிய அமைப்பு தெரியும் என்று சொல்ல வழியில்லை. நாடு முழுவதற்குமான கணக்கில், 2016இல் 72 விழுக்காட்டினர் இந்தத் தேர்வில் தரத்தை எட்டினர். 2018இல் 78. பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் மறுபடி 72. இந்த ஏற்ற இறக்கத்தில் வாக்கிய அறிவின் பங்கு எவ்வளவு என்று அந்த எண்கள் பேசுவதில்லை.

எழுத்து வளர்ந்ததா?

தேர்வை ஆதரிப்பவர்களின் வலுவான வாதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். பெயர் தெரிந்தால் ஆசிரியரும் பிள்ளையும் வாக்கியத்தைப் பற்றிப் பேச முடியும். ‘இந்தச் சார்பு வாக்கியத்தை முன்னால் வைத்துப் பார், என்ன மாறுகிறது?’ என்று கேட்க, அந்தப் பெயர் இருவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். வீட்டில் புத்தக ஆங்கிலம் கேட்காத பிள்ளைக்கு அதன் அமைப்பைப் பள்ளிதான் திறந்து காட்ட வேண்டும். பின்னாளில் பிரெஞ்சோ ஜெர்மனோ படிக்கும்போதும் உதவும். ரிச்சர்ட் ஹட்சன் போன்ற மொழியியலாளர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். உடலைப் பற்றியும் செடியைப் பற்றியும் தெரிந்துகொள்வதுபோல், மொழியின் அமைப்பைத் தெரிந்துகொள்வதும் அதனளவிலேயே மதிப்புள்ள கல்வி. இந்த வாதங்களை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் இவற்றில் ஒன்றுகூட, டிக் போடும் தாள் ஒன்று வேண்டும் என்று சொல்லவில்லை.

பெயர் படித்தால் எழுத்து சிறக்குமா என்ற கேள்வி மிகப் பழையது. அமெரிக்காவில் ஃபிராங்க்ளின் ஹாய்ட் 1906லேயே இலக்கண மதிப்பெண்ணையும் கட்டுரை மதிப்பெண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நெருங்கிய தொடர்பு இல்லை என்று கண்டார். 1962இல் ரோலண்ட் ஹாரிஸ் லண்டன் பள்ளிகளில் ஒரு குழுவுக்கு முறை இலக்கணமும் இன்னொரு குழுவுக்கு அதே நேரத்தில் நேரடி எழுத்துப் பயிற்சியும் கொடுத்து இரண்டாண்டுகள் பார்த்தார். எழுதிப் பழகியவர்களே முன்னால் நின்றார்கள். 1976இல் நியூசிலாந்தில் வார்விக் எல்லியும் தோழர்களும் மூன்றாண்டுகள் தொடர்ந்த ஆய்விலும் இலக்கணம் படித்த வகுப்புக்கும் படிக்காத வகுப்புக்கும் எழுத்தில் சொல்லும்படி வேறுபாடு இல்லை. யார்க் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஆண்ட்ரூஸ் குழு 2004இல் ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டபோதும் அதே நிலைதான். புதிய பாடத்திட்டம் எழுதப்படுவதற்கு முன்பே இவை எல்லாம் கையில் இருந்தன.

புதிய பாடத்திட்டத்துக்குப் பிறகும் சோதனை நடந்தது. டொமினிக் வைஸ் தலைமையிலான குழு, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான இலக்கணப் பாட முறை ஒன்றைத் குலுக்கல் முறையில் குழு பிரித்துப் பல பள்ளிகளில் சோதித்து, 2022இல் முடிவை வெளியிட்டது. அந்தப் பாடம் பிள்ளைகளின் கதை எழுதும் திறனை உயர்த்தியதற்குச் சான்று கிடைக்கவில்லை. வாக்கியம் ஆக்கும் பயிற்சியில் சிறு நன்மை தெரிந்தது. அதையும் உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் புள்ளிவிவரம் இடம் கொடுக்கவில்லை.

எதிர்த்திசையில் மிகுந்த கவனம் பெற வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. எக்செட்டர் பல்கலைக்கழகத்தின் டெப்ரா மைஹில் குழு, பன்னிரண்டு பதின்மூன்று வயது மாணவர்களிடம் வேறு விதமாக இலக்கணத்தைக் கொண்டுபோனது. ஒரு கதையிலோ வாதத்திலோ எழுத்தாளர் ஏன் இப்படி வாக்கியத்தை அமைத்தார், மாற்றினால் என்ன இழப்பு என்று பேசி, அந்த அமைப்பைத் தாங்களே எழுதிப் பார்க்கச் செய்தார்கள். 2012இல் வெளியான முடிவில் அந்த மாணவர்களின் எழுத்து முன்னேறியிருந்தது. ஏற்கெனவே நன்றாக எழுதுபவர்களிடம் அந்த முன்னேற்றம் கூடுதல். ஆக, இலக்கணம் உதவாது என்பதும் உண்மையல்ல. எழுதும்போது செய்யும் தெரிவாக அது வரும்போது உதவுகிறது. பெயர் எழுதி ஒட்டும் சீட்டாக வரும்போது உதவியதாகக் காட்ட முடியவில்லை.

வகுப்பறையிலோ சீட்டுதான் வென்றது. ஆறாம் ஆண்டின் எழுத்தை ஆசிரியரே மதிப்பிடுவார் என்று பியூ அறிக்கை விட்டிருந்த இடத்துக்குள்ளும், 2016இல் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் நுழைந்தது. செயப்பாட்டு வினை வந்திருக்கிறதா, மோடல் வினை இருக்கிறதா, அரைப்புள்ளி உண்டா என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். ஆசிரியர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாங்கள் பள்ளியில் ஒருபோதும் படிக்காத இலக்கணத்தைத் தாங்களே இரவில் படித்துக் காலையில் கற்பித்தவர்கள் அவர்கள். பட்டியல் இருந்தால் அதை நிறைவு செய்யத்தான் பார்ப்பார்கள். விளைவு, பிள்ளைகளின் கதைகளில் ஒவ்வொரு வாக்கியமும் ‘இருண்ட, அமைதியான காட்டின் நடுவே,’ என்பதுபோல் ஒரு முன்வைத்த வினையடையோடு தொடங்கியது. சில நேரம் அது அழகு. பத்து வாக்கியத்திலும் வந்தால் கதை மூச்சுத் திணறுகிறது. டேவிட் கிரிஸ்டல் போன்ற மொழியியலாளர்களும் மைக்கேல் ரோசன் போன்ற குழந்தை எழுத்தாளர்களும் இதைத் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள். 2018 முதல் அந்தப் பட்டியல் தளர்த்தப்பட்டு, முழு எழுத்தின் தரத்துக்குக் கூடுதல் இடம் தரப்பட்டது. 2021இன் தொடக்கத்தில் பள்ளிகள் மூடி, பாடம் வீட்டுக்கு வந்தபோது, ‘ஃப்ரன்டட் அட்வெர்பியல்’ என்ற பெயரைப் பல பெற்றோர் முதன்முறையாகக் கேட்டுத் திகைத்தார்கள். அவர்களில் எழுதிப் பிழைப்பவர்களும் இருந்தார்கள்.

வாக்கிய அமைப்பை வேறு எப்படிச் சோதிப்பது?

பெயரைத் தொடாமலே வாக்கிய அறிவைச் சோதிக்க முடியும். அதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. தமிழ்நாட்டு ஆங்கிலப் பாடத்தில் இருவகை வினாக்கள் நெடுநாளாக உண்டு. ஒன்று, வாக்கியத்தைக் கொடுத்து அதன் அமைப்பை எஸ்விஓ (எழுவாய், வினை, செயப்படுபொருள்), எஸ்விஓசி, எஸ்விஓஏ என்று எழுத்துகளால் எழுதச் சொல்வது. ஆங்கில இலக்கண அறிஞர் ரான்டால்ஃப் குவர்க்கும் தோழர்களும் தங்கள் பேரிலக்கணத்தில் வகுத்த ஏழு வாக்கிய வகைகளின் சாயல் அதில் இருக்கிறது. இன்னொன்று, இரண்டு வாக்கியங்களைக் கொடுத்து ஒன்றாக இணைக்கச் சொல்வது. முதலாவது சீட்டு ஒட்டும் வேலை. இரண்டாவது வாக்கியம் கட்டும் வேலை. அமெரிக்காவில் ஸ்டீவ் கிரஹாமும் டொலோரஸ் பெரினும் 2007இல் எழுத்துக் கற்பித்தல் ஆய்வுகளைத் தொகுத்தபோது, வாக்கியங்களை இணைக்கும் பயிற்சிக்கு எழுத்தை உயர்த்தும் ஆற்றல் இருப்பதைக் கண்டார்கள். தனித்து நடத்தும் முறை இலக்கணப் பாடத்துக்கு அது தென்படவில்லை. நம் பிள்ளைகளும் ஆசிரியர்களும் இணைக்கும் வினாவை வெறும் விதி மாற்றமாக மனப்பாடம் செய்து கடந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தருகிறது. கையில் நல்ல கருவி இருக்கிறது.

ஆங்கிலேயத் தேர்வின் நல்ல வினாக்களும் இந்தப் பக்கம்தான் இருந்தன என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரே வாக்கியத்தைக் காற்புள்ளியோடும் காற்புள்ளியின்றியும் கொடுத்து, பொருள் எப்படி மாறுகிறது என்று எழுதச் சொல்லும் வினா நேர்மையானது. கொடுத்த சொல்லை ஓரிடத்தில் பெயராகவும் இன்னோரிடத்தில் வினையாகவும் வைத்து வாக்கியம் எழுதச் சொல்வதும் அப்படியே. இவற்றுக்குச் சரி, தவறு உண்டு; ஆனால் விடை பிள்ளையின் கையிலிருந்து வர வேண்டும்.

நாடாளுமன்றத்தின் கல்விக் குழு 2017லேயே இந்தத் தேர்வின் கட்டாயத்தை நீக்கலாம் என்று பரிந்துரைத்தது, அரசு கேட்கவில்லை. 2025 நவம்பரில் பெக்கி ஃபிரான்சிஸ் தலைமையிலான பாடத்திட்ட, மதிப்பீட்டு மறுபார்வை தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. தேர்வை ஒழிக்க அது சொல்லவில்லை. இப்போதைய தாளின் சில பகுதிகளை வைத்துக்கொண்டு, இலக்கணத்தையும் நிறுத்தக்குறியையும் எழுத்தில் பயன்படுத்தும் திறனைச் சோதிக்கும் புதிய பணிகளைச் சேர்த்துத் தேர்வை மாற்றியமைக்க வேண்டும் என்கிறது.

இந்தத் திசையை நான் வரவேற்கிறேன். ஆனால் அதன் வெற்றி வினாவை எழுதுபவரைவிடத் திருத்துபவரிடம்தான் இருக்கிறது. பிள்ளை தானே கட்டிய வாக்கியத்துக்கு ஒரே விடைக் குறிப்பு போதாது. ஏற்கத்தக்க பலவித விடைகளை உண்மையான பிள்ளைகளின் தாள்களிலிருந்தே திரட்டித் திருத்துவோருக்குக் காட்ட வேண்டும். ஒரே தாளை இருவர் பார்க்க வேண்டும். வேறுபட்டால் மூன்றாமவர் பேசித் தீர்க்க வேண்டும். இதற்கு ஆளும் நாளும் பணமும் தேவை. அந்தச் செலவை அரசு ஏற்காவிட்டால், புதிய பணிகளும் ஓரிரு ஆண்டுகளில் மறுபடி டிக் போடும் கட்டங்களாகச் சுருங்கிவிடும்.